நூற்றுக்கு வாங்கிய யானை

வண்டிச் செலவுக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் பணத்தைப் பணமாக எழுதுவதில்லை. வண்டியை வாங்கிய விலையை 100 என்று வைத்துக்கொண்டு, பிறகு செலவானதையெல்லாம் அந்தக் கணக்கிலேயே குறித்து வருகிறேன். முதல் பெரிய பில் வந்த அன்று தொகையை அப்படியே எழுதக் கை வரவில்லை. அப்படித் தொடங்கிய வழக்கம் இது. போகப் போக, இதுதான் நேர்மையான கணக்கு என்றும் தோன்றிவிட்டது.

ஒன்பது வயதான சொகுசு எஸ்யூவி. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், காற்று சஸ்பென்ஷன், எந்நேரமும் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் அமைப்பு, கூரை முழுக்கக் கண்ணாடி. ஓடியிருந்தது 1,30,000 கிலோமீட்டர். புதிதாக ஷோரூமில் நின்றபோது அதன் விலை என் கணக்குப்படி 400. நான் கொடுத்தது 100. கால் விலைக்குக் கிடைத்துவிட்டது என்று ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கால் விலைக்கு வந்தது வண்டி மட்டும்தான். அதன் உதிரி பாகங்கள் அந்தத் தள்ளுபடியைக் கேள்விப்படவே இல்லை. 400 வண்டிக்கென்று செய்த பாகம் அந்த வண்டி 100 ஆனாலும், நாளை 40 ஆனாலும், 400 வண்டியின் பாகமாகவே அலமாரியில் இருக்கிறது. அதைக் கழற்றி மாட்டுவதற்கு ஆகும் மணிக்கணக்கும் குறைவதில்லை. வயதான வண்டியில் போல்ட்கள் துருப்பிடித்துக் கிடப்பதால் சில சமயம் கூடவும் செய்கிறது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இருக்கும் யானைக்குத் தீனி போட்டவர்களைக் கேட்டால் இன்னும் சரியான தொகை தெரியும்.

ஐந்தாவது வாரம், ஒரு நாள் காலையில் பார்த்தால் வண்டி வலது முன்காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. டயரில் காற்று சரியாக இருந்தது. ஆனால் டயருக்கும் அதன் மேலுள்ள வளைவுக்கும் நடுவே ஒரு விரல் நுழையவில்லை. ஸ்டார்ட் செய்தேன். அடியில் எங்கோ ஒரு சின்ன மோட்டார் முனகியது. ஒரு நிமிடத்தில் வண்டி நிமிர்ந்து நின்றது. டாஷ்போர்டில் எந்த எச்சரிக்கையும் இல்லை. ‘அவ்வளவுதானே’ என்று கிளம்பிவிட்டேன். இப்படியே இரண்டு வாரம் ஓட்டினேன். அந்த இரண்டு வாரத்தின் விலை 5.

காற்று சஸ்பென்ஷனில் இரும்புச் சுருளுக்குப் பதில் ரப்பர் துருத்தி ஒன்று வண்டியின் எடையைத் தாங்குகிறது. வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் அதன் அடிப்பகுதி உள்பக்கமாக மடிந்து விரிகிறது. எட்டு, பத்து ஆண்டுகள் ஒரே இடத்தில் மடிந்து மடிந்து ரப்பர் வெடிக்கிறது. ஓடும்போது கம்ப்ரசர் காற்றை நிரப்பிக்கொண்டே இருப்பதால் தெரியாது. இரவு முழுக்க நிற்கும்போதுதான் காற்று இறங்கி, வண்டி சாய்ந்துவிடும்.

நான் போன மெக்கானிக் பல ஆண்டுகள் பெரிய சர்வீஸ் மையங்களில் வேலை பார்த்துவிட்டுத் தனியாகப் பட்டறை வைத்திருப்பவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வண்டிக் கணினியில் பதிந்த பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரை அவர் தொடவில்லை. முதலில் திரையில் ஜாக்கி நிலையை இயக்கினார். அதைச் செய்யாமல் தூக்கினால், வண்டி சாய்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கணினி தானாகவே உயரத்தை மாற்றப் பார்க்கும் என்றார். பிறகு சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் எடுத்துவந்து துருத்தியைச் சுற்றி அடித்தார். ஒன்றுமே தெரியவில்லை. நான் சந்தோஷப்பட்டேன். அவர் வண்டியை இறக்கி, சாதாரண உயரத்துக்கும் கீழே கொண்டுவந்து, மறுபடி அடித்து, பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற நீளக் கைப்பிடிக் கண்ணாடியைச் சக்கரத்துக்குப் பின்னால் நுழைத்தார். மடிப்பின் வளைவில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு. அதிலிருந்து கடுகளவுக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. துருத்தி நீண்டிருக்கும்போது அந்த வெடிப்பு வேறு இடத்துக்கு உருண்டு மூடிக்கொள்கிறது. மடியும்போதுதான் வாய் திறக்கிறது.

“எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?” என்று கேட்டார். இரண்டு வாரம் என்றேன். கம்ப்ரசரின் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, “இது கொஞ்ச நேரம் ஓடி, நிறைய நேரம் ஓய்வெடுக்க வேண்டிய சாமான் சார். நீங்கள் இரண்டு வாரம் தூங்க விடாமல் ஓட்டியிருக்கிறீர்கள்” என்றார். ஓட்டைத் துருத்தியை நிரப்பி நிரப்பி அதன் பிஸ்டன் வளையம் தேய்ந்து போயிருந்தது. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மணிகளும் நனைந்து பயனற்றுப் போயிருந்தன. கம்ப்ரசரை மாற்றும்போது, அதற்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலேயையும் மாற்றச் சொன்னார். அளவுக்கு மீறி ஓடியதில் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால், புதுக் கம்ப்ரசரும் நிற்காமல் ஓடி எரிந்துவிடுமாம். ரிலே ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்லை. அதை விட்டுவிட்டு இரண்டாவது கம்ப்ரசர் வாங்கியவர்களை அவருக்குத் தெரியும்.

இடது பக்கத் துருத்தியையும் சேர்த்தே மாற்றினோம். “அதற்கும் அதே வயதுதானே சார்” என்றார், மறுக்க முடியவில்லை. இரண்டு முன் துருத்திகளும் கூலியும் 13. கம்ப்ரசரும் ரிலேயும் 5. ஆக, இரண்டாவது மாதத்தில் 18.

இந்த இடத்தில் எல்லோரும் ஒரு யோசனை சொல்வார்கள்: காற்றை எடுத்துவிட்டு இரும்புச் சுருள் போட்டுவிடு, தொல்லை தீர்ந்தது. நான் போடவில்லை. இரண்டே கால் டன் எடையுள்ள வண்டி மேடு பள்ளத்தில் மிதந்து போவதற்காகத்தான் இதை வாங்கினேன். அதையும் எடுத்துவிட்டால் என்னிடம் மிஞ்சுவது பெரிய வண்டி மட்டும்தான். ஆனால் பின்பக்கத் துருத்தி போகும்போது ஒரிஜினல் பாகம் வாங்க மாட்டேன். வெளித் தயாரிப்பாளர்களின் பாகம் ஏறக்குறைய பாதி விலையில் கிடைக்கிறது, பின்பக்கத்தில் மாட்டும் வேலையும் எளிது.

அடுத்தது எண்ணெய்க் கசிவு. இந்த மூன்று வருடத்தில் எனக்கு வண்டியைப் பற்றிய கண்ணைத் திறந்தது இந்தப் பழுதுதான்.

நிறுத்திய இடத்தில் தினமும் காலையில் ஒரு சொட்டு. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து விழுந்தது. வழியில் இருந்த ஒரு பட்டறையில் காட்டினேன். அடியில் படுத்து அரை நிமிடம் பார்த்தவர், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல், அதாவது எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம், போய்விட்டது, கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை என் கணக்கில் 9. கையில் பேனா இருந்தால் அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பேன், அவ்வளவு உறுதியாகச் சொன்னார்.

அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, எஞ்சின் ஆயிலில் ஒரு சிறு புட்டிச் சாயத்தை ஊற்றி, “ஒரு 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள்” என்றார். மூன்றாம் நாள் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு, புற ஊதா விளக்கை அடித்துக் காட்டினார். பச்சையாக ஒளிர்ந்த கோடு ஒன்று கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து மேலே மேலே போய், எஞ்சினின் உச்சியில், வி வடிவத்தில் நிற்கும் இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுப்பள்ளத்தில் மறைந்தது. எண்ணெய் மேலே கசிந்து, பள்ளத்தில் தேங்கி, பின்பக்கமாக வழிந்து கீழே வருகிறது. கீழே படுத்துப் பார்ப்பவருக்கு அது கிராங்க் சீல் கசிவு போலவே தெரியும். அந்த சீலை மாற்றியிருந்தால் 9 போயிருக்கும், சொட்டு நின்றிருக்காது.

அந்தப் பள்ளத்தின் அடியில் ஆயில் கூலர் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே எண்ணெய் போய்வரும் துளைகளில் இரண்டு ரப்பர் சீல்கள். அவற்றை அடைய ஏர் ஃபில்டர் பெட்டி, குழாய்கள், டர்போ, இரு பக்கமும் காற்றை உள்ளே விடும் மேனிஃபோல்ட்கள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். இரண்டு நாள் வேலை. இரண்டாம் நாள் மாலை அந்தப் பழைய சீல்களை என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டும் சேர்ந்து ஒரு பட்டன் எடைகூட இருக்காது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பதியவில்லை. வருடக்கணக்கில் வெந்து வெந்து ரப்பர் பிளாஸ்டிக்காகிவிட்டது. வெப்பத்தை இன்னும் நன்றாகத் தாங்கும் ரப்பரில் செய்த புதிய சீல்கள் இரண்டுக்கும் சேர்த்து 0.1. மொத்த பில் 8. சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்று சொன்னவர் இந்த எஞ்சினைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கால் பணம் என்பதைக் குறைத்திருப்பார்.

அன்றிலிருந்து எந்தப் பழுதைக் கேட்டாலும், பாகம் என்ன விலை என்று நான் முதலில் கேட்பதில்லை. எத்தனை மணி நேரம் ஆகும் என்றுதான் கேட்கிறேன். இன்னொரு கேள்வியும் உண்டு: அந்த வழியில் கழற்றும்போது வேறென்ன கைக்கு எட்டும்? அந்த இரண்டு நாளில் எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டையும், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் அங்கே ஓடும் பிளாஸ்டிக் குழாய்களையும் மாற்றிவிட்டோம். அதற்கு 3, கிட்டத்தட்ட எல்லாம் பாகத்தின் விலைதான். பழைய குழாய் ஒன்றைக் கழற்றும்போதே அதன் முனை பிஸ்கட் போல உடைந்து கையோடு வந்தது. ஓடும்போது உடைந்திருந்தால் கூலண்ட் வெளியேறி, சூட்டில் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து, நோட்டில் வேறொரு எண் எழுத வேண்டியிருந்திருக்கும். காற்றுத் துளைகளில் தார் போலக் கரி அப்பிக்கொண்டு பாதி வாயை அடைத்திருந்தது. புகையின் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள்ளேயே அனுப்பும் டீசல் அமைப்பின் உபயம். அதையும் சுரண்டிச் சுத்தம் செய்தார். அதற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நன்றி மறந்தவனாவேன்.

மின்சாரக் கோளாறைப் பற்றித் தனியாகவே எழுதலாம், ஆனால் எழுதும்போதே களைப்பாக இருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் பேட்டரி மூன்று முறை இறங்கியது. புது பேட்டரி போட்டேன், 2. அதுவும் இறங்கியது. இந்த வண்டிகளில் கதவைப் பூட்டிய அரை மணிக்குள் எல்லாக் கணினிகளும் உறங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு இழுக்கும் மின்சாரம் 50 மில்லியாம்பியருக்குள் இருந்தால் நல்லது. என் வண்டி 600 இழுத்துக்கொண்டிருந்தது. அண்ணன் ஃபியூஸ்களைப் பிடுங்கவில்லை. பிடுங்கித் திரும்பச் செருகினால் உறங்கும் கணினி விழித்துக்கொள்ளும் என்று, ஒவ்வொரு ஃபியூஸின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்து அளந்துகொண்டே போனார். பின்பக்கக் கணினி ஒன்று மட்டும் உறங்காமல் இருந்தது. டிக்கியின் தரையைத் தூக்கினோம். ஸ்டெப்னி கிடக்கும் குழியில் நான்கு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். கணினிப் பெட்டி பாதி முழுகிக் கிடந்தது.

தண்ணீர் வந்தது கூரையிலிருந்து. கண்ணாடிக் கூரையைச் சுற்றி ஒரு வாய்க்கால் இருக்கிறது. அதன் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் தூண்களுக்குள் இறங்கி மழைநீரை வெளியே விடுகின்றன. மரத்தடியில் நிறுத்திய வண்டி, சருகுத் தூளும் மண்ணும் சேர்ந்து பின்பக்கக் குழாயை அடைத்துவிட்டது. அடைப்பு எடுக்க நைலான் நரம்பு ஒன்று போதும். கம்ப்ரசர் காற்றை அடிக்கக் கூடாது, உள்ளே இணைப்புக் கழன்றால் கூரைத் துணியை இறக்க வேண்டியிருக்கும். கணினியையும் அதை வண்டிக்குப் பழக்கும் புரோகிராமையும் சேர்த்து 6. நைலான் நரம்பு என் மீன்தூண்டில் பெட்டியில் ஏற்கெனவே இருந்தது.

கியர்பாக்ஸ் ஆயில் ‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்று பல கார் நிறுவனங்கள் எழுதிவிடுகின்றன. யாருடைய ஆயுள் என்று எழுதுவதில்லை. எத்தனையோ சொகுசு வண்டிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. என் வண்டியில் வடித்த ஆயில் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. ஆயிலும் ஃபில்டரும் 3. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது இருந்த தயக்கம் மறைந்துவிட்டது. வண்டியின் குணமே அப்படி என்று நான் நினைத்துக்கொண்டிருந்த தயக்கம்.

டயர் விஷயம் முந்தைய உரிமையாளர் எனக்கு விட்டுச் சென்ற சொத்து. அவர் சிக்கனமாக இரண்டு டயரை மட்டும் மாற்றியிருந்தார். எந்நேரமும் நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியில் முன்னும் பின்னும் டயர்களின் சுற்றளவு வேறுபட்டால், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்தனுப்ப நடுவில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓய்வே இல்லாமல் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கும். மெதுவாக வளைக்கும்போது அடியில் யாரோ பிடித்து இழுப்பதுபோல் வண்டி திக்கியது. டயரின் பள்ள ஆழத்தை அளந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் 4 மில்லிமீட்டர் வித்தியாசம். நான்கு டயர் 7, டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் 1. அதோடு திக்கல் நின்றது. டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்ற வேண்டியிருந்தால் 12 ஆகியிருக்கும் என்றார்.

மற்றவை எடையின் கூலி. இரண்டே கால் டன்னை நிறுத்தும் பிரேக் பேடும் டிஸ்கும் முன்னும் பின்னுமாக 6. முன் சக்கரங்களைத் தாங்கும் கைகளின் ரப்பர் புஷ்கள் கிழிந்து, ஸ்டீயரிங் நடுங்கியது. புஷ் மட்டும் தனியாகக் கிடைக்கவில்லை, கையோடு சேர்த்துத்தான் விற்கிறார்கள், 5. புகைக்குழாயில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடு சென்சார் ஒன்று, 3. அந்த சென்சார் போனால் சில வண்டிகளில் ‘இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாது’ என்று திரையில் எண்ணிக்கை இறங்க ஆரம்பிக்கும். எனக்கு 800-இல் தொடங்கியது. அந்த வாரம் நான் யாரிடமும் சிரித்துப் பேசவில்லை.

மூன்று ஆண்டுகளில் கூட்டிப் பார்த்தால் 62. டீசல், இன்ஷூரன்ஸ், வழக்கமான ஆயில் சர்வீஸ் இதில் சேரவில்லை. வண்டியை இன்று விற்றால் 55 வரும் என்கிறார்கள். என் மைத்துனர் இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிக் காட்டி, “இதற்கு என்ன சொல்கிறீர்கள் அத்தான்?” என்று கேட்டார். நெடுஞ்சாலையில் அவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு மணி நேரம் ஓட்டினார். இறங்கிய பிறகு அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதிலும் இல்லை.

அவரும் இப்போது இப்படி ஒரு வண்டி தேடுகிறார். போன மாதம் அவரோடு ஒரு வண்டியைப் பார்க்கப் போனேன். பத்து வயது, கறுப்பு நிறம், பளபளவென்று இருந்தது. அவர் உள்ளே உட்கார்ந்து கதவோரத்தில் நிறம் மாறும் விளக்குகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பானட்டின் மேல் கை வைத்தேன். சூடாக இருந்தது. “நீங்கள் காத்திருக்க வேண்டாமே என்று முன்பே ஸ்டார்ட் செய்து வைத்தேன்” என்றார் விற்பவர். இந்த எஞ்சின்களில், வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் தளர்ந்திருந்தால் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்து, காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று வினாடி கலகலக்கும். எஞ்சின் சூடான பிறகு பெரும்பாலும் அந்தச் சத்தம் வராது. சிலவற்றில் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால் எஞ்சினையே இறக்க வேண்டும். அது 100-இல் 25-ஐத் தாண்டும் வேலை.

டேப்பை எடுத்து நான்கு சக்கரங்களின் நடுவிலிருந்தும் மேல் வளைவு வரை அளந்தேன். நான்கும் சரியாக இருந்தன, எஞ்சின் ஓடி முடித்த வண்டியில் அப்படித்தான் இருக்கும். டிக்கியின் தரையைத் தூக்கினேன், காய்ந்திருந்தது, ஆனால் அடிவிரிப்பின் ஓரத்தில் நீர்மட்டம் நின்ற கறை ஒரு கோடாகத் தெரிந்தது. ஸ்கேனரை மாட்டினேன். பிழை எதுவும் இல்லை. பிழைகளை அழித்த பிறகு ஓடிய தூரம் என்று ஒரு கணக்கு உள்ளே இருக்கும், அது 38 கிலோமீட்டர் என்றது.

இன்னொரு நாள் அதிகாலையில் வருகிறோம், அன்று மட்டும் நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு கிளம்பினோம். தாராளமாக வாருங்கள் என்றார். மறுநாள் மாலை மைத்துனர் போன் செய்தபோது வண்டி விற்றுப் போயிருந்தது. வாங்கியவர் வந்த அரை மணியில் முடித்துவிட்டாராம், கால் விலைக்கு.